கடைசி வரிசைக் கரும்பு

மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடிந்தால் கிளியனூர் பக்கம் எங்களுக்கு வேலை கிடையாது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு வளவனூருக்குக் கரும்பு வெட்டப் போவோம். அப்பா பரம சாது. மேஸ்திரி தும்மினால்கூட எழுந்து நிற்பார். அம்மாவுக்கு வாய் நீளம். அந்த வாய்தான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் பெருமையடித்துக்கொள்வேன்.

வெட்டு முடிவதற்கு ஒரு முறை உண்டு. பேசி வந்த கரும்புக் கொல்லையின் கடைசி வரிசையைச் சாய்த்ததும் வரப்பில் கற்பூரம் கொளுத்துவோம். அதற்கப்புறம் அந்தப் பருவத்தில் யாரும் கத்தியைத் தொடக்கூடாது, ஊருக்குக் கிளம்பலாம். அதற்கும் மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தான். மரியாதை போட்டு அவனைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கொல்லையில் ஒரே ஒரு வரிசையை நிற்க விட்டுவிட்டு, வேறு வேறு கொல்லைக்கு எங்களை ஓட்டுவான். கேட்டால், "அங்க இன்னும் முடியலியே, எங்க போறீங்க?" என்பான். சொல்லாமல் கிளம்பியவர்களை ஆள் விட்டு இழுத்து வந்ததையும் பார்த்திருக்கிறோம்.

அந்த வருஷம் அம்மா நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் எல்லாரும் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, வயிற்றைத் தாங்கியபடி போய் அந்த வரிசையை வெட்டிச் சாய்த்துவிட்டாள். கற்பூரமும் கொளுத்திவிட்டாள்.

"வேல முடிஞ்சிபோச்சிங்க மேஸ்திரி. இனிமே யாரும் கத்தி எடுக்கமாட்டாங்க. நான் ஆத்தா வூட்டுக்குப் போறேன்."

சாமி பயம் உள்ளவன், முகம் செத்துவிட்டது. அப்புறம் மெல்லச் சிரித்தான்.

"நீ போம்மா. உம் புருஷன் கத்தியத்தான தொடக்கூடாது? வெல்லம் காய்ச்சற அடுப்பத் தொடலாமே."

அப்பா எங்களை பஸ் ஏற்றிவிட்டார். "நீங்க போய்க்கினே இருங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றார்.

அடுப்பு, களை, ஏர் என்று ஒன்று மாற்றி ஒன்றாக அவரை நிறுத்திவைத்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது, ஆத்தா வீட்டில் பிறந்த தம்பி நடக்கவே ஆரம்பித்திருந்தான். வாசலில் நின்ற ஆளைப் பார்த்து அலறிக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தான். அப்பா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாத சாமி. நான் உங்கப்பன்தான். மெதுவாவே வா."

அன்று முழுக்கத் தம்பி கிட்டே போகவில்லை. அப்பாவும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.