பல்செட்டு இல்லாத கச்சேரி

எங்கள் பேண்டில் நான்கு பேர். நால்வருக்கும் அறுபது தாண்டிவிட்டது. என் கணவர் கிதார் வாசிப்பார். அவருடைய சிநேகிதரான தையல்காரர் பேஸ் கிதார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன்தான் பாடகர். நான் டிரம்ஸ். சேந்தமங்கலத்தில் எங்களை ஆர்க்கெஸ்ட்ரா என்றுதான் சொல்வார்கள். நாங்கள் சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, நாங்களே கட்டிய ராக் பாட்டுகள்தான் என்று என் கணவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்குவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க, அப்ப ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எப்ப வருவீங்க?" என்பார்கள்.

நான் டிரம்ஸுக்கு வந்தது தற்செயல். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் டிரம்மர் துபாய்க்குப் போய்விட்டார். ஒத்திகை எங்கள் வீட்டில்தான் நடக்கும். அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டு எல்லாப் பாட்டின் தாளமும் எனக்கு ஏறியிருந்தது. ஆள் கிடைக்கும்வரை நான் உட்காருகிறேன் என்றேன். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

போன வருடம் கொல்லிமலையிலிருந்து ஒரு மிளகு விவசாயி எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த மலையில் குண்டனி நாடு என்ற பகுதிக்காரர். அடிவாரத்தில் ஒரு திருவிழாவில் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க, பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கறமுங்க. பையன் டிஜே வேணும்கறான். எனக்கு உங்க பாட்டுத்தானுங்க வேணும். அந்தக் கடைசி பஸ்ஸுப் பாட்டு இருக்குதே, அதைக் கேட்டாப் போதுமுங்க."

அந்தப் பாட்டு எங்கள் பாடகர் அண்ணன் எழுதியது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் பாடுவதாக வரும். 'கடைசி பஸ்ஸு போயிருச்சு, நடந்தா என்ன, நடந்தா என்ன' என்று தொடங்கும். கடைசி பஸ்ஸை ஓட்டியவரே எழுதியது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

காதுகுத்து நாளன்று காலையில் வாடகை வேனில் புறப்பட்டோம். மடியில் பேஸ் டிரம்மை வைத்துக்கொண்டு நான் நடு சீட்டில் இருந்தேன். ஜன்னலோரம் பாடகர் அண்ணன். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையோ வருடம் பஸ் ஓட்டிய மனுஷர். பாதி வளைவு ஏறுவதற்குள் முகம் வெளிறிவிட்டது.

"என்னங்கண்ணா, உங்களுக்குமா?"

"ஸ்டியரிங் கையில இருந்தா ஒண்ணும் பண்ணாது அம்மிணி. சும்மா உட்காந்து வந்தாத்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். வேனை நிறுத்தச் சொன்னோம். தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்க வைத்தபோதுதான் கவனித்தேன், அவர் மேல்வாய் காலியாக இருந்தது. பல்செட்டு வாந்தியோடு ரோட்டில் விழுந்திருந்தது. தையல்காரர் அதை எடுக்கக் குனிவதற்குள் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு குரங்கு குதித்து எடுத்துக்கொண்டது. முகர்ந்து பார்த்தது. கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போல. எங்கள் கண் முன்னாலேயே பள்ளத்தில் விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதாவது, கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. முதலில் வேன் டிரைவர் உதட்டைக் கடித்தார். பிறகு என் கணவர் கிதார் பெட்டியின் மேல் கவிழ்ந்து குலுங்கினார். அண்ணன் மட்டும் கோபமாக, "வண்டியைத் திருப்பச் சொல்லு" என்றார். அந்தச் 'சொல்லு' வேறு ஏதோ சொல்லாக வெளியே வந்தது.

திரும்ப முடியாது. மேலே விருந்துக்குக் கூட்டம் வந்திருக்கும். தையல்காரர் அதிகம் பேசாதவர். வேன் மறுபடி கிளம்பியதும், "நான் பாடறேன்" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு வரி பாடி நாங்கள் கேட்டதில்லை.

"வார்த்தை தெரியுமா மச்சான்?" என்று கேட்டார் என் கணவர்.

"பக்கத்துல நின்னு கேக்கறேனல்லோ" என்றார்.

ஊரில் டிராக்டர் டிரெய்லரை மேடையாக்கி, மேலே பந்தல் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, சுற்றியிருந்த பலா மரங்களுக்கு நடுவே மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொடங்கினோம். பாடகர் அண்ணன் மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் மைக்கின் முன்னால் நின்றார். கரகரப்பான, அடியிலிருந்து எழும் குரல். இத்தனை வருடம் இதை எங்கே வைத்திருந்தார்? நான்காவது பாட்டுக்குள் டிஜே கேட்ட பையனே முன்னால் வந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது கடைசி பஸ்ஸு. தையல்காரர் முதல் வரியைத் தொடங்கியதும் அண்ணன் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். அவர் பாட்டு அது. காலால் தாளம் போட்டார். துண்டுக்குள் முணுமுணுத்தார். முன்வரிசையில் சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏஞ்சாமி, நீ பாடறவன் தானே? அப்புறம் எதுக்கு வாயப் பொத்திக்கிட்டு இருக்கற?"

அண்ணன் துண்டை விலக்கி வாயைத் திறந்து காட்டினார். அந்த அம்மா தன் வாயையும் திறந்து காட்டினார். ஒரு பல்கூட இல்லை.

"எனக்குந்தான் இல்ல. நான் பேசறதில்லியா, பாடறதில்லியா? ஏறு கண்ணு, ஏறு!"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லரில் ஏறினார். தையல்காரர் சிரித்தபடி மைக்கை அவர் பக்கம் சாய்த்தார்.

"கடைஃபி பஃபு போயிருஃபு!"

கூட்டம் ஒரு விநாடி திகைத்தது. பிறகு வெடித்தது. நான் சிரித்த சிரிப்பில் குச்சி கையிலிருந்து நழுவி, தாளம் அந்தரத்தில் நின்றது. என் கணவர் திரும்பிப் பார்த்து, "அடி அம்மிணி, அடி!" என்று கத்தினார். பிடித்துக்கொண்டேன். அண்ணன் இப்போது எதைப் பற்றியும் கவலைப்படவில்லை. வார்த்தை வராத இடத்தில் ஊளையிட்டார், உறுமினார், கிதாரோடு போட்டி போட்டார். பல் இருந்த காலத்தில்கூட அவர் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை. குழந்தைகள் "கடைஃபி பஃபு" என்று கூடவே பாடின. காது குத்தியபோது அழுது வீங்கிய முகத்தோடு பேத்தி அப்புச்சியின் தோளில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்த அப்புச்சி, எங்களை அழைத்த மிளகு விவசாயி, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையை வீசி ஆடினார். அதே பாட்டை மூன்று தடவை வாசிக்க வேண்டியதாகிவிட்டது.

கச்சேரி முடிந்ததும் நான் எழுந்து நிற்க முயன்றேன். பெடல் மிதித்த முழங்கால் நிமிர மறுத்தது. அப்படியே டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்து நீவிக்கொண்டிருந்தபோது என் வயதுப் பெண்கள் சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்கக்கா, இந்த வயசுல இதையடிக்க ஊட்டுல உடறாங்களா?"

"கிதார் வாசிச்சாரே, அவருதாங்க என் ஊட்டுக்காரரு. நாந்தான் அவர உடறேன்."

அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மெதுவாக டிரம்ஸைத் தொட்டுப் பார்த்தாள். "அடிச்சா உடைஞ்சுருமுங்களா?" என்றாள்.

"உடையாதுங்க. அடிச்சுத்தான் பாருங்களே."

குச்சிகளை அவள் கையில் கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் அடி பயந்து பயந்து விழுந்தது. அடுத்தது பலமாக. அதற்கடுத்தது பலா மரத்திலிருந்த காக்கைகளைக் கிளப்பிவிட்டது. கீழேயிருந்து அவள் மகன் "அம்மா!" என்று கூப்பிட்டான். அவள் காதில் வாங்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "எனக்கு, எனக்கு" என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். வேனில் சாமான் ஏற்ற வந்த என் கணவரும் தையல்காரரும் காபி டம்ளர்களோடு ஓரமாக நின்றுவிட்டார்கள். நான் காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் அடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.