கையுறைக்குள் இருந்த கட்டைவிரல்

காலை பத்து இருபதுக்குக் கைப்பேசி ஒலித்தது. என் மகள் ஜெனியின் எண். பேசியது அவளில்லை.

"அண்ணே, புள்ளைக்குக் கையில பட்டுருச்சு. ராம்நாடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீங்க நேரா அங்கன வந்துருங்க" என்றான் என் தம்பி அருளப்பன். மண்டபம் ஊரில் ஜெனி மேற்பார்வையாளராக இருந்த மீன் கம்பெனிக்கு ஐஸ் இறக்குபவன் அவன். கையில் எங்கே என்று நான் கேட்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

உறைந்த மீனை அறுக்கும் மின்வாளில் அன்று ஆள் குறைவு. அவளே போய் நின்றிருக்கிறாள். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துண்டாகிவிட்டன.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அருளப்பன் ஒரு தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். "ரெண்டையும் கெடாம எடுத்தாந்துட்டேண்ணே" என்றான். எங்கள் கரையில் எதையும் கெடாமல் வைக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். கீழே நொறுக்கிய ஐஸ், அதன்மேல் மீன், அதன்மேல் மறுபடி ஐஸ். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைத்தான் அன்றும் அவன் செய்திருந்தான்.

மருத்துவர் மூடியைத் திறந்து பார்த்தார். "யாரு இப்படி வச்சது?"

"நான்தான் சார்."

"ஐஸ் நேரா பட்டா சதை செத்துப்போகும்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விரல்களை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்தார். இதை வாசிக்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். விரலை ஐஸோ தண்ணீரோ நேராகத் தொடக்கூடாது.

ஆள்காட்டி விரல் உறை ஏதுமின்றி ஐஸுக்குள் கிடந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் அறுபட்ட ரப்பர் கையுறைத் துண்டுக்குள் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற அருளப்பனுக்குக் கை வரவில்லையாம்.

மதுரைக்கு ஆம்புலன்ஸில் போனோம். அங்கே அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. "ஆள்காட்டி விரல்ல தைக்கிற மாதிரி ரத்தக்குழாய் மிச்சமில்லைங்க. கட்டைவிரலுக்கு முயற்சி பண்றோம். அந்தக் கையுறைதான் அதைக் காப்பாத்தியிருக்கு. கை செய்யுற வேலையில பாதி கட்டைவிரல் செய்யுறது" என்றார்.

அருளப்பன் எழுந்தான். பிறகு, "நான் பஸ்ஸைப் பிடிக்கிறேண்ணே" என்று கிளம்பினான். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

நுண் அறுவை சிகிச்சை (பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் பார்த்து, நூலிழை போன்ற இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தைப்பது) இருட்டும்வரை நடந்தது. மருத்துவர் வெளியே வந்து, "ரத்தம் ஓடுது. ஆனா இனிமேதான் பயம்" என்றார்.

அந்தப் பயம் எங்களுக்கு நிறங்களாக வந்தது. விரல் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தால் தமனி (இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) அடைத்திருக்கலாம். நீலம் பாரித்தால் சிரை (இரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் குழாய்) அடைத்திருக்கலாம். செவிலியர் விரல் நுனியை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார். நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அறையில் ஏசி கிடையாது, ஜெனிக்குக் காப்பி கிடையாது. பீடி, சிகரெட் குடித்தவர் உள்ளே வரவே கூடாது. குளிரும் புகையும் குழாயைச் சுருக்கிவிடுமாம்.

இரண்டாம் நாள் விரல் நீலமானது. மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். முன்கையிலிருந்து ஒரு துண்டுச் சிரையை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். ஸ்டெல்லா ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், உருட்டவில்லை.

கண் விழித்ததும் ஜெனி கேட்டாள், "டாக்டர், தம்ஸ்அப் காட்ட முடியுமா?"

"மொதல்ல அது உயிரோட இருக்கட்டும்மா. அப்புறம் யாருக்கு வேணாலும் காட்டு."

அன்றிரவு முழுக்க அது சிவப்பாகவே இருந்தது.

அருளப்பன் வரவில்லை. தினமும் போன் செய்து, "சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்பான். விரலைப் பற்றிக் கேட்கமாட்டான். "சித்தப்பா எங்கப்பா?" என்று ஜெனி கேட்கும்போதெல்லாம், ஐஸ் லோடு அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் நீளமானது. விரல் பிழைத்தது, ஆனால் மரக்கட்டை போலிருந்தது. பிசியோதெரபி (மூட்டையும் தசையையும் பயிற்சியால் பழக்குவது) செய்பவர் சொன்னபடி துணிக் கிளிப்பை அழுத்தினாள், மாவைப் பிசைந்தாள், மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். கீழே விழுந்ததைப் பொறுக்க நான் குனிந்தால், "ஏம்ப்பா, உங்களுக்கா பிசியோ?" என்பாள். சிரிப்பேன். சிரித்து முடித்ததும் களைப்பாக இருக்கும்.

வைகாசி, ஆடி என்று மாதங்கள் போனதே தெரியவில்லை. அந்த விரலில் நகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்குக் காலக்கணக்காக இருந்தது.

வாடைக்காற்று தொடங்கியதும் விரல் குளிர் தாங்காமல் வலித்தது. இது நெடுநாள் இருக்கும் என்றார் மருத்துவர். ஐஸைத் தொடும் வேலைக்கு அவள் இனிப் போக முடியாது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், "அப்பா!" என்று கத்தினாள். ஓடினேன். கைப்பேசி அந்தக் கட்டைவிரல் ரேகைக்குத் திறந்திருந்தது. அதுவரை எத்தனை முறை வைத்தும் திறக்காதது. நரம்பு துளிர்த்தால் வியர்வையும் திரும்பும், காய்ந்த தோலுக்குத் திறக்காத போன் அந்த ஈரத்துக்குத் திறக்கும் என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார். திறந்த கையோடு அவள் அழைத்தது அருளப்பனைத்தான்.

"சித்தப்பா, கிளவுஸைக் கழட்டாம வச்சீங்களே, அந்த விரலால போனைத் திறந்து பேசுறேன். இப்ப வாரீங்களா, இல்ல நான் ஐஸ் பிளாண்டுக்கு வரவா? எனக்குக் குளிர் ஆகாது, பாத்துக்கோங்க."

சாயங்காலம் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"பீடி குடிச்சீங்களா?"

"இல்ல தாயி. நீ கூப்பிட்டதுலேர்ந்து தொடலை."

குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு ஜெனி கையை நீட்டினாள். ஐஸ் அள்ளிய கை என்பதால் அவன் முதலில் உள்ளங்கைகளை வேட்டியில் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். பிறகு ஆள்காட்டி விரல் இல்லாத இடத்தைப் பார்த்தான். கட்டைவிரலை மெல்லப் பிடித்தான், விடவே இல்லை.

"சூடா இருக்கு தாயி" என்றான்.