றொஜனுக்குப் போட்ட கதிரை

மேரிசாந்தியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பதினொரு வருடமாக அந்த வாய் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ட்ரெதமில் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி, கவுன்சில், கோர்ட் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழிலும் சொல்லிவிட்டு, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மன்னார்ப் பேசாலைக்காரி, வயது ஐம்பத்திரண்டு. புருஷன் போய் ஆறு வருடம். மகள் ஷெறோனோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள்.

அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. “அவர் குடித்தாராம்” என்று சொல்லக்கூடாது, “நான் குடித்தேன்” என்றே சொல்லவேண்டும்; அந்த ‘நான்’ ஒருபோதும் அவளாக இருக்கக்கூடாது. அதனால் மேரிசாந்தி காலையில் மூட்டுவலிக்காரக் கிழவராகவும், மத்தியானம் பிள்ளை பெறப்போகிற பெட்டையாகவும் இருப்பாள். “எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்தே இந்தத் தோல் கடி” என்று அவள் முகம் மாறாமல் சொன்னதைக் கேட்டு, ஒரு டாக்டர் சிரிப்பை இருமிச் சமாளித்தார். அடுத்த விதி, ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கடைசி விதி, அறைக்கு வெளியே அந்த மனுசரோடு கதையே கூடாது. மேரிசாந்தி பதினொரு வருடம் இவற்றைக் காப்பாற்றினாள். யாக்கோப்பு வந்தபோதுதான் மூன்றையும் உடைத்தாள்.

யாக்கோப்புவும் மன்னார்ப் பக்கத்து ஆள்தான். நாற்பத்தோரு வயது. குரோய்டனில் ஒரு லோண்டரியில் வேலை செய்தவன். குடித்துவிட்டு பஸ் ஸ்டொப் கண்ணாடியை உடைத்து, தடுக்க வந்த காவலாளியைத் தள்ளி விழுத்தியதில் வழக்கு வந்தது. நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆறு மாதம், கிழமைக்கு ஒருமுறை குடி சிகிச்சை நிலையத்துக்கு வரவேண்டும், குடித்ததைக் காட்டும் கருவியில் ஊதிக் காட்டவேண்டும், இருந்து கதைக்கவேண்டும் என்று கட்டளை போட்டது. காரணமில்லாமல் இரண்டு தரம் தவறினால் திரும்பவும் கோர்ட், அங்கிருந்து சிறை.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை. கீழே ட்ராம் போகும்போது ஜன்னல் மெல்ல நடுங்கும். கெல்லி என்ற சிகிச்சை அலுவலர் எதிரே இருப்பாள், நல்ல பிள்ளை. முதல் நாளே யாக்கோப்பு, சுவரோரம் கிடந்த நாலாவது கதிரையை இழுத்துக் கதவுப் பக்கம் போட்டுவிட்டுத் தன் இடத்தில் இருந்தான். அது யாருக்கு என்று கெல்லி கேட்டாள்.

“தம்பிக்கு. அவன் நிண்டுகொண்டே இருப்பான், பாவம்” என்றான் யாக்கோப்பு.

மேரிசாந்தி வாயைத் திறந்தாள். “எனக்குக் கொஞ்சம் காலியிடம் இருந்தால்தான் இருக்க வசதி” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் செய்தது அவளுக்கே விளங்கியது.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுடைய பெரியம்மாவின் மகள் ஒருத்தி ஹவுன்ஸ்லோவில் குரல்கள் கேட்கிறது என்று டாக்டரிடம் சொல்லப்போய், பொலிஸ் வந்து மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோனது. அதன் பிறகு அந்த வீட்டுப் பெண்களுக்குப் பேசி வந்த கல்யாணங்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. குடிகாரன் என்றால் சனம் மன்னிக்கும், விசரன் என்றால் ஏழு தலைமுறைக்கும் கதைக்கும். செத்தவர்கள் வந்துபோவது ஊரில் யாருக்கு நடக்காதது? அதை இந்த வெள்ளைக்காரப் பிள்ளையிடம் சொல்லி எதற்கு அவனுக்கு இன்னொரு முத்திரை குத்தவேண்டும்? இரக்கத்தில்தான் செய்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வருகிறது, ஆனால் அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒன்றை மறைத்தால் அடுத்ததையும் மறைக்கத்தானே வேண்டும். தம்பி எப்போதும் நனைந்துதான் வருவான், காற்சட்டையில் மண் ஒட்டியிருக்கும், பேசமாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான் என்று யாக்கோப்பு சொன்னான். தான் குடித்தால் தம்பி நித்திரையாகிவிடுவான், அதற்காகத்தான் குடித்தது என்றும் சொன்னான். மேரிசாந்தி, “குடித்தால்தான் நித்திரை வரும்” என்று சொன்னாள். கெல்லி தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

ஆறு கிழமையில் யாக்கோப்பு குடியை விட்டுவிட்டான். ஊதினால் பூச்சியம் காட்டியது. கெல்லிக்குப் பிடிபடாத சந்தோசம். ஆனால் மேரிசாந்திக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. குடி குறையக் குறைய, தம்பி தங்குகிற நேரம் கூடிக்கொண்டு போனது. முதலில் பின்னேரங்களில் மட்டும் வந்தவன் இப்போது காலையிலும் வந்தான், பஸ்ஸிலும் வந்தான். யாக்கோப்பு மெலிந்துபோனான். ஒருநாள் அவன் கதிரையைத் தொடவே இல்லை. அவர்கள் உள்ளே போனபோது அது ஏற்கெனவே கதவுப் பக்கம் கிடந்தது. துப்புரவுக்காரர் இழுத்திருப்பார் என்று கெல்லி சொன்னாள்.

அன்றுதான் மேரிசாந்தி லிஃப்டடியில் நின்று அவனிடம் கேட்டாள். “தம்பியின்ரை பேர் என்ன?”

“றொஜன்.”

“எப்பிடி?”

“சண்டைக்குத் தப்பி, தலைமன்னாரிலையிருந்து அக்கரைக்கு வள்ளத்திலை போனனாங்கள் அக்கா. ஓட்டி எங்களை நடுக்கடல் மணல்திட்டியிலை இறக்கிவிட்டிட்டான். நான் ஆள் பாத்து வாறன் எண்டு இன்னொரு வள்ளத்திலை ஏறிப் போனனான். திரும்பி வரேக்கை திட்டியைக் காணேல்லை. தண்ணி ஏறியிருந்தது. அவனுக்குப் பதினேழு வயசு.”

மேரிசாந்திக்குக் கண் கலங்கியது. மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். கடலில் போன ஆன்மா, அமைதி கிடைக்காமல் அலைகிறது. இதற்கு என்ன செய்வதென்று பேசாலையில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தமிழ்ப் பூசைக்கு முன்னால், மாதா கோயில் மேசையில் பூசைக்குப் பேர் எழுதும் தாளில், இறந்தோர் என்று போட்டிருந்த பக்கத்தில் ‘றொஜன்’ என்று எழுதிக் கொடுத்தாள். யாக்கோப்புவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவாமியார் பெயர்களை வாசித்தார். “றொஜன் அவர்களின் ஆன்மா இளைப்பாறும்படி” என்றபோது, பின்னால் ஒரு கதிரை சீமெந்துத் தரையில் நீளமாக இழுபட்டது. மேரிசாந்தி திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் யாரும் இல்லை.

“அம்மா, who came in?” என்று ஷெறோன் கேட்டாள். அவளும் கேட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, மேரிசாந்தி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். சாப்பாட்டு மேசையின் நாலு கதிரைகளில் ஒன்று கதவுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. ஷெறோன் நேரத்தோடு வேலைக்குப் போயிருந்தாள். கதிரைத் துணி ஈரமாக இருந்தது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். கூரை நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரத்தைத் தொட்ட விரல்களை ஒன்றோடொன்று உரசினாள். நறநறவென்று மண். செபமாலையை எடுத்துக்கொண்டு மத்தியானம்வரை படுக்கையறைக்குள்ளேயே இருந்தாள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. யாக்கோப்பு சவரம் செய்து, சட்டை மாற்றி, எங்கோ பயணம் புறப்பட்டவன்போல வந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கெல்லி கேட்டாள்.

“சுகம்” என்றான். பிறகு அமைதியாகத் தொடர்ந்தான். “தம்பி கதைக்கத் துவங்கிட்டான். இவ்வளவு வருசமும் கதைக்காதவன் ஞாயிற்றுக்கிழமை கதைச்சான். தனக்கு ஆரோ பூசை குடுத்திட்டினமாம். ‘அப்ப நான் செத்திட்டன்தானே அண்ணை’ எண்டு கேக்கிறான். நாங்கள் அவனுக்கு ஒருநாளும் பூசை குடுக்கேல்லை. உடம்பு கிடைக்கேல்லை. அம்மா இண்டைக்கும் ஊரிலை அவன்ரை படத்தோடை றோட்டிலை, காணாமல் போனவையின்ரை தாய்மாரோடை இருக்கிறா. பூசை குடுத்தால் அவன் செத்தவன் எண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி. நான் குடிச்சு எண்டாலும் அவனைச் சாகவிடாமல் வைச்சிருந்தனான்.”

பேசாலையிலும் இப்படி வீடுகள் உண்டு. பிள்ளையைக் காணாத தாய் எவளும் பிள்ளைக்குப் பூசை கொடுப்பதில்லை. இது மேரிசாந்திக்குத் தெரியாததல்ல, யோசிக்கத்தான் இல்லை.

“இப்ப என்னையும் வா எண்டு கூப்பிடுறான். நேற்று ஸ்டேஷனிலை, நிக்காமல் போற ட்ரெயின் வரேக்கை என்ரை கையைப் பிடிச்சான். இண்டைக்கு இதை முடிச்சிட்டு அவனோடை போறன் எண்டு சொல்லியிருக்கிறன்.”

யாக்கோப்பு பேச்சை நிறுத்தினான். கெல்லி பேனாவோடு மேரிசாந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ட்ராம் போனது, ஜன்னல் நடுங்கியது. “தம்பியின் நினைவு அதிகமாக இருக்கிறது” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அவளுடைய வேலை பிழைக்கும். அவன் போய்விடுவான்.

மேரிசாந்தி சொன்னாள். ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். “என் தம்பி என் கையைப் பிடித்தான்” என்று சொல்லும்போது அவளுடைய வலது கை குளிர்ந்து விறைத்தது. “இன்று அவனோடு போகிறேன்” என்று முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு, “இனி நான் சொல்வது என் சொந்தச் சொல்” என்று தொடங்கி, கதிரையைப் பற்றியும், நனைந்து வருகிறவனைப் பற்றியும், நாலு மாதமாகத் தான் விழுங்கியது எல்லாவற்றையும் கெல்லியிடம் ஒப்புவித்தாள். அதையே தமிழில் யாக்கோப்புக்கும் சொன்னாள். பூசையையும் சொன்னாள்.

யாக்கோப்பு அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, அது நீங்களோ?”

“ஓம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவன் கதவுப் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தான். “அதுதான் அவன் வந்த நேரந்தொட்டு உங்களையே பாத்துக்கொண்டிருக்கிறான்.”

என்ன சொல்கிறார் என்று கெல்லி கேட்டாள். மேரிசாந்தி அதையும் மொழிபெயர்த்தாள். கெல்லி எழுந்துபோய்க் கதவை மறித்துக்கொண்டு நின்று ஃபோனை எடுத்தாள். அந்தக் கதிரையில் இடிபடாமல் அவள் சுற்றிக்கொண்டு போனதை மேரிசாந்தி கவனித்தாள்.

அன்று பின்னேரமே மனநல டாக்டர் வந்தார். யாக்கோப்பு மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தான். நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை, குடிச் சிகிச்சையோடு மனநலச் சிகிச்சையையும் கட்டளையில் சேர்த்தது. வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள். மேரிசாந்தியை, வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவள் வழக்காடவில்லை, நியாயம் என்று அவளுக்கே பட்டது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறாள்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வாசலில் யாக்கோப்புவைக் கண்டாள். உடம்பு தேறியிருந்தது, கையில் முருங்கைக்காய்க் கட்டு. திரும்பவும் வேலைக்குப் போகிறானாம், மருந்து ஒழுங்காக எடுக்கிறானாம். அவளுக்குச் சந்தோசம்.

“அக்கா, ஒண்டு கேக்கவேணும்” என்று அவன் குரலைத் தணித்தான். “அவன் இப்ப என்னட்டை வாறேல்லை. மருந்து எண்டு டாக்டர் சொல்லுறார். எனக்கு நிம்மதிதான். ஆனால் எங்கை போனான் எண்டு நெஞ்சு கிடந்து அடிக்குது. அவனுக்குத் தனிய நிக்கப் பயம். திரும்பவும் அந்தத் திட்டியிலையோ எண்டு…”

மேரிசாந்தி பையைக் கை மாற்றிக்கொண்டாள். இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று அவள் அந்தச் செவ்வாய்க்கிழமை நேர்ந்திருந்தாள்.

“இல்லை யாக்கோப்பு, அவன் திட்டியிலை இல்லை” என்றாள். “எங்கடை குசினியிலை இருக்கிறான். கதவுப் பக்கம் கதிரை போட்டிருக்கிறன், ஒவ்வொரு நாளும் துடைக்கிறன். நீங்கள் யோசியாமல் போங்கோ.”