கிடாரில் ஒட்டிய மலை

ஓசூரில் இரு சக்கர வண்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் பெட்ரோல் டேங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒப்பந்த வேலைதான். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை அச்சு பார்த்து வைத்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ள வேண்டும். உள்ளே கடுகளவு காற்று நின்றாலும் டேங்க் திரும்பி வந்துவிடும். என்னிடம் திரும்பி வந்தவை குறைவு.

விடுதியில் எங்கள் அறையில் ஆறு பேர். ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். எனக்கும் இரண்டு இடம் வந்து, பேச்சோடு நின்றது. அப்புறம் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து எங்களை நிறுத்தியபோது எனக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊரான காவேரிப்பட்டினத்துக்கே போயிருக்கலாம். அங்கே தம்பியின் குடும்பம் இருந்தது, எனக்கென்று அந்த வீட்டில் ஒரு மூலையும் இருந்தது. அந்த மூலைக்குப் போக மனம் வரவில்லை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடையில் சேர்ந்தேன்.

பைக், ஆட்டோ, நம்பர் பிளேட், கடைக் கண்ணாடி. கை பழகிய வேலைதான். ஞாயிறு மட்டும்தான் கஷ்டம். சனிக்கிழமை மாலை கடையை விட்டு வந்தால், திங்கள் காலை டவுன் பஸ்ஸில் ஏறி "பஸ் ஸ்டாண்ட் ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சொல்லும்போதுதான் வாயைத் திறப்பேன். ஒரு திங்கட்கிழமை குரல் எழும்பாமல் இருமிவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அதை நானே கவனித்தேன்.

ஒரு வெயில் மதியம் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் நீளமான கறுப்புப் பை. பையைப் பிரித்ததும் உள்ளே சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிடார். அதன் நெஞ்சில் பெரிய மண்டை ஓடு, பல்லை இளித்துக்கொண்டு.

"பெங்களூர்ல ஒரு பையன் வித்தான், வாங்கிட்டேன். கிருஷ்ணகிரியில எங்க சர்ச்ல வாசிக்கணும். இந்த மூஞ்சியோட பீடத்துக்குப் பக்கத்துல போய் நிக்க முடியுமா, நீயே சொல்லு."

கடை முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுபவர். கடையில் மூன்று மொழியும் பேசுவார். என் பக்கம் சாய்ந்து, "மனக்கெந்துக்கம்மா, நமக்கு எதுக்கு இந்த வேலை? பைக்கு, ஆட்டோ போதாதா?" என்றார் மெதுவாக. ஆனால் நான் அதற்குள் கிடாரை மேசையில் படுக்க வைத்து, அதன் வளைவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். டேங்கைப் போலவே இருந்தது. டேங்கை விடக் கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான்.

சூட்டுக் காற்றடிக்கும் மெஷினைப் பிடித்து மண்டை ஓட்டை மெல்ல உரித்தேன். பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஸ்டிக்கர் போனது, மண்டை ஓடு போகவில்லை. சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் வெளுத்திருந்தது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுக்கவில்லை. அடர்ந்த சிவப்பில் கண்ணும் பல்லும் அப்படியே தெரிந்தன.

"இதை மறைக்க மேல ஏதாவது ஒட்டணுங்க. என்ன படம் போடட்டும்?"

"உனக்குப் பிடிச்சதைப் போடு."

"இல்லீங்க மேடம், நீங்க சொன்னாத்தானே..."

"நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தவ. எனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்? ஒட்டப்போறவ நீ. நீயே போடு. அவசரமில்லை." கம்பிகளை மட்டும் அவரே கழற்றிச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

யாரோ எங்கோ வரைந்ததை, சொன்ன இடத்தில், சொன்ன அளவில் ஒட்டித்தான் எனக்குப் பழக்கம். உனக்கு என்ன பிடிக்கும் என்று வேலையில் யாரும் கேட்டதில்லை. வேலைக்கு வெளியே கேட்டார்களா என்றும் யோசித்துப் பார்த்தேன். கடைக் கணினியில் பூ, இறக்கை, நெருப்பு, புலி எல்லாம் இருந்தன. எதுவும் சரிப்படவில்லை. ஒரு வாரம் கிடார் துணி போர்த்திக்கொண்டு அலமாரி மேல் கிடந்தது.

தம்பி மகளுக்குக் காது குத்து என்று அந்த வாரம் ஊருக்குப் போனேன். பஸ் சூளகிரியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. இத்தனை வருஷம் போகவும் வரவும் பார்த்த மலை. பாறை பாறையாக எழுந்து, உச்சி பிளந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்கூட நான் இறங்கியதில்லை. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனில் நாலைந்து படம் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்னத்த எடுக்கறீங்க? ஆக்சிடென்டா?" என்று எட்டிப் பார்த்தார்.

படத்தைக் கணினியில் வைத்துக் கோடு எடுத்தேன். கருநீலத்தில் ஒரு மலை, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று, அதற்கும் பின்னால் வெளிர் மஞ்சளில் வானம். மண்டை ஓட்டின் மேல் கருநீலம் விழுகிற மாதிரி அமைத்தேன். வினைல் ஷீட்டில் வெட்டி ஒட்டத் தொடங்கினால், டேங்கைப் போல் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கிடாரின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வளைவில் ஷீட் சுருக்கம் விழுந்தது. சூடு காட்டி இழுத்தேன், நிறம் வெளுத்துக் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது உட்கார்ந்தது. அந்த மகிழ்ச்சியில், ஓரத்தைச் சீவும்போது கத்தியை அழுத்திவிட்டேன். ஷீட்டோடு சேர்த்துப் பெயின்ட்டிலும் ஒரு கீறல்.

முதலாளி பார்த்துவிட்டு, "தெரியாதும்மா. மூடி விட்டுரு" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. போன் செய்தேன்.

"மேடம், கத்தி பட்டுருச்சுங்க. பெயின்ட்டுல கீறல் விழுந்துருச்சு."

"ஆழமா?"

"இல்லீங்க. விரலை வெச்சாத் தட்டுப்படுது."

"என் உடம்புலயும் நிறைய இடத்துல தட்டுப்படுது. அதுக்கு என்ன பண்றது? நீ ஒட்டுமா."

மறுவாரம் வந்தார். துணியை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சூளகிரியா?" என்றார். ஆமாங்க என்றேன். கம்பிகளைக் கட்டி, முறுக்கி, நின்றபடியே விரலால் மீட்டினார். கொசு ரீங்கரிப்பது போல் சன்னமாக ஒரு சத்தம். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இது இவ்வளவுதான் கத்தும். கரன்ட் குடுத்து, ஸ்பீக்கர் பெட்டியில மாட்டினாத்தான் சத்தம். ஞாயித்துக்கிழமை வாயேன், கேக்கலாம்."

வருகிறேன் என்று சொன்னது மரியாதைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைத்துக் காயப்போட்டு முடித்தபோது எட்டு மணி. அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு வேலை எதுவும் இல்லை. கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டேன்.

சர்ச்சுக்குள் அதற்கு முன் நான் போனதில்லை. கடைசி பெஞ்சில், எல்லோரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். பாடற்குழுவில் எல்லோரும் சின்ன வயசுக்காரர்கள். அவர்களுக்கு ஓரமாக, அரக்கு நிறப் புடவையில், தோளில் கிடார் மாட்டி அந்த அம்மாள். நான் இருந்த இடத்திலிருந்து மலையெல்லாம் தெரியவில்லை, ஒரு கருநீலத் திட்டுதான் தெரிந்தது. அவர் கம்பியைத் தட்டினார். காதில் கேட்பதற்கு முன்னால், நான் பிடித்திருந்த பெஞ்சின் கட்டை அதிர்ந்தது. ஒரு இடத்தில் அவர் விரல் தவறியது. மற்றவர்கள் நிற்காமல் பாடிக்கொண்டே போனார்கள். அவர் இரண்டு வரி சும்மா நின்று, மூன்றாவது வரியில் மறுபடியும் வந்து சேர்ந்துகொண்டார். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

ஆராதனை முடிந்து நழுவப் பார்த்தேன். வாசலில் பிடித்துவிட்டார். "சாப்பிடாம எங்க போற?"

வீடு பெரியது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகள். ஒன்றில் செய்தித்தாள் கட்டு, ஒன்றில் மடித்த துணி, ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டி. நாலாவது அவர் உட்காருவது. பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். சாம்பாரும் கத்திரிக்காய்ப் பொரியலும்.

"வீட்டுக்காரர் போய் எட்டு வருஷமாச்சு. பையன் வெளிநாட்டுல இருக்கான்" என்றார் பரிமாறிக்கொண்டே. "எக்ஸ்சேஞ்சுல இருந்த வரைக்கும் நாளெல்லாம் காதுல யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க. எப்படா விடுவானுங்கன்னு இருக்கும். ரிட்டயர் ஆன மறுநாள் சாயந்தரம் இந்த வீட்டுல உக்காந்திருந்தேன். ஃபிரிட்ஜ் ஓடறது மட்டும் கேக்குது. நாலு மாசம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் கிடார் கிளாஸுக்குப் போனேன். நல்லா சத்தம் போடறதா ஒண்ணு வேணும்னு தோணுச்சு."

நான் திங்கட்கிழமை பஸ்ஸில் இருமியதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயம். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அடுத்த ஞாயிறும் போக வேண்டும் போலிருந்தது. எப்படிப் போவது? ஒருவர் ஒரு வேளை சாப்பாடு போட்டால் வாராவாரம் போய் நிற்கலாமா? ஒரு ஞாயிறு அடக்கிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு போய் நின்று, "ஸ்டிக்கர் ஓரம் தூக்குதான்னு பார்க்கணுங்க. சூடு ஆறின பின்னாடி சில சமயம் தூக்கும்" என்றேன். கிடாரை எடுத்துக் கொடுத்தார். ஓரம் முழுக்க விரலை வைத்துப் பார்த்தேன். எங்கும் தூக்கவில்லை. மூன்றாவது முறையும் அதையே சொன்னபோது, "ஓரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ சும்மாவே வரலாம்" என்றார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல், இரண்டு ஞாயிறுக்கு ஒரு முறையாவது போனேன். மேடம் என்பது அக்கா ஆனது. பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் வாசிப்பார், நான் கீரை ஆய்வேன். அவர் சொல்லி, பாடற்குழுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் கிடாரைக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு மீன் செதில், ஒருவருக்குத் திராட்சைக் கொடி.

ஒரு ஞாயிறு போனபோது கேட் பூட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து, "யாரு வேணும்?" என்றார். சொன்னேன்.

"அவங்க பாத்ரூம்ல விழுந்துட்டாங்களே. இடுப்பு எலும்பு போயிருச்சு. கோயமுத்தூர்ல இருந்து தங்கச்சி வந்து கூட்டிக்கிட்டுப் போயி பத்து நாளாச்சு. நீங்க யாருங்க?"

"ஸ்டிக்கர் கடைங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். பத்து நாளாக எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. சொந்தக்காரர்கள் பட்டியலில் நான் இல்லை, சர்ச் பட்டியலில் இல்லை. ஓசூர் பஸ்கள் இரண்டு புறப்பட்டுப் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் கடையைத் திறந்து வேலை செய்தேன். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஆட்டோவின் கண்ணாடியில் சாமி பேர் ஒட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "விழுந்ததுல போனும் உடைஞ்சு போச்சும்மா. உன் நம்பர் மனசுல இல்ல. அந்த மீன் செதில் கிடார்க்காரன்கிட்ட கேட்டு வாங்கறதுக்குள்ள இத்தனை நாள்." ஒட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்தேன். "இருக்கியா?" என்றார். இருக்கேன்க்கா என்றேன்.

கிருஷ்ணகிரிக்கு இனி வரப்போவதில்லை, வீட்டை விற்கப் பையன் ஏற்பாடு செய்கிறான் என்றார். கிடார் கோயமுத்தூரில்தான் இருக்கிறதாம்.

பொங்கல் லீவில் போனேன். இளைத்திருந்தார், வாக்கர் பிடித்து நடந்தார். நின்று வாசிக்க முடியாததால் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். தங்கை டிவி சீரியல் பார்க்கிறவர் என்பதால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். "எக்ஸ்சேஞ்சுல மாதிரி பழையபடி ஹெட்போன்" என்றார். எனக்கு விரல் அசைவது மட்டும் தெரிந்தது. சற்று நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு வந்தபோது, எதிர் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தார். "ஆமா" என்றார். 

சேலத்தில் பஸ் மாறினேன். லீவு முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பும் நாள், உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். தொப்பூர் மலைப்பாதை ஏறி, தர்மபுரி வந்து, கூட்டம் இன்னும் கூடியது. குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்து, "எந்த ஊருக்குங்க?" என்றாள். மத்திகிரி என்று சொல்லி, கிடைத்த பாதி இடத்தில் உட்கார்ந்தேன்.