இடது கைப் பக்கக் கடல்

என் கைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு கிடக்கிறது. அதில் வரிசையாகப் பதினோரு நீலப் பொட்டுகள். பார்க்கிறவர்கள் நகப்பூச்சுக்கு மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். அத்தனையும் ஒரே காலையில் மாமல்லபுரத்துக் கடல் காட்டிய நீலங்கள். பார்த்துப் பார்த்து வைத்தவர் எங்கள் கலர் பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில், பம்பாய்க்கும் துபாய்க்கும் போகிற விலையுயர்ந்த கைக்கடிகாரங்களுக்கு டயல் செய்துகொண்டிருந்தோம். நான் உளியால் வெட்டுவேன். வெட்டிய கோடுகளில் பாய் வண்ணம் நிரப்புவார். தூரிகையில் மூன்றே மூன்று முடி. அது தகட்டைத் தொடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ஏதாவது கதை ஞாபகம் வரும். "வாயா அது, மிக்ஸியா? கொஞ்சம் நிறுத்து தங்கச்சி!" என்பார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அதட்டல் மட்டும் மாமனார் அதட்டல்.

ஒருநாள் கல்பாக்கத்திலிருந்து ஒரு சார் வந்தார். ஓய்வு பெறுவதற்குள் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுக்க வேண்டுமாம். அந்த அம்மாவின் கல்யாணக் கொலுசை உருக்கி, டயலுக்கென்று ஒரே ஒரு வெள்ளி வில்லை கொண்டுவந்திருந்தார். கூடவே கடற்கரைக் கோயிலின் போட்டோ ஒன்று. அதில் பெரிய கோபுரம் வலது பக்கம், சின்னது இடது பக்கம், கடல் பெரிய கோபுரத்துக்கு அப்பால். "இதே மாதிரி இருந்தா போதும்மா" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

நான்கு வருஷமாக நான் எஃகு அச்சுகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். அச்சில் எதையும் இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும்; தகட்டில் அழுத்தும்போதுதான் நேராகும். ஆனால் இந்த வில்லையில் அச்சு கிடையாது, நேரடி வேலை. மூளைக்கு அது தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. இரண்டு கோபுரங்களையும் அடுக்கடுக்காக வெட்டி முடித்து, லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துப் போட்டோவைப் பார்த்தேன். ஐயோ, கோயில் திரும்பி நின்றது! வேலை போனால் போகட்டும், இன்னொன்று கிடைக்கும். அந்தக் கொலுசுக்கு நான் எங்கே போவேன்? மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

பாய் வில்லையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இன்னா தங்கச்சி, கோயிலைத் திருப்பி வெச்சிகினுகீறே?" என்றார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் போய் மத்தியானம் திரும்பி வந்தார், செருப்பெல்லாம் மணல். கையில் இந்தப் பித்தளைத் தகடு.

"வடக்கால, மீனவங்க படகு நிக்குது பாரு, அங்க போய் நின்னேன். அங்கேர்ந்து பாத்தா பெருசு இடது கைப் பக்கம், சின்னது வலது கைப் பக்கம். அச்சு அசலா நீ வெட்டினதுதான். கடலை மட்டும் இன்னும் வெட்டலியே? அதையும் இடது கைப் பக்கமா வெட்டு. சார் வந்தா வாயைத் தொறக்காதே."

வெட்டினேன். தகட்டிலிருந்த பதினொன்றில் ஏழாவது நீலத்தைக் கலந்து, பாய் அலைகளில் நிரப்பினார். அந்த அரை மணி நேரம் நானும் மூச்சுவிடவில்லை, பேசவும் இல்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

சார் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். டயலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய், "பிரமாதம்மா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் கொலுசில்லாத வெறும் கால் கண்ணில் பட்டுவிட்டது. "சார், நான் தப்பா வெட்டிட்டேன். போட்டோல இருக்கறதுக்கு நேர் எதிரா இருக்கு" என்று கொட்டிவிட்டேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சார் போட்டோவைப் பார்த்தார், டயலைப் பார்த்தார், முகம் சுருங்கியது. அந்த அம்மா வில்லையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஏங்க, இது நாம ஞாயித்துக்கிழமை மீன் வாங்கற பக்கம்ங்க! போட்டோப் பக்கம் நாம ஒரே ஒரு நாள்தான் நின்னோம். இந்தப் பக்கம் இருபது வருஷமா நிக்கறோமே!"

அவர்கள் படியிறங்கும்வரை பாய் பொறுத்திருந்தார். அப்புறம்தான் வெடித்தார். "ஒனக்காகக் கடலையே நகத்தி வெச்சேன். ஒன் வாயை நகத்த முடியலியே!"

இப்போது படூரில் எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. கம்ப்யூட்டர் வரைய, லேசர் வெட்டுகிறது. ஒரு பட்டனைத் தட்டினால் கோயில், கடல், படகு எல்லாம் ஒரு நொடியில் இடம் மாறிவிடுகின்றன. அதைத் தட்டும்போதெல்லாம் மணல் அப்பிய அந்தச் செருப்பு ஞாபகம் வருகிறது. எனக்காக அப்படி ஒரு பஸ் பயணம் வேறு யாரும் போனதில்லை. சொல்லாமல் இருக்க முடியுமா? போன வாரம் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாய்க்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கடலை நகத்த பட்டன் வந்துச்சு, சரி. ஒன் வாய்க்கு ஒண்ணு வந்துதா தங்கச்சி?"