குளிரை அறிந்த மாயாண்டி

குளிரைப் பற்றி மாயாண்டி அண்ணையிடம் யாரும் வாய் திறக்க முடியாது. நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்ததும் அக்கராயன் பக்கம் வந்து, காடு வெட்டிக் குடியேறினார். மார்கழியில் நாங்கள் போர்த்திக்கொண்டு நடுங்கினால், வெறும் மேலோடு நின்று, "இதெல்லாம் ஒரு குளிரா மிசி?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தக் குடியேற்றத்தின் மருந்துக் கொட்டிலில் நான் மருத்துவிச்சி, அவர் காவலாளி.

எண்பத்தாறில் தடுப்பூசி மருந்து வைக்க ஒரு பிரிட்ஜ் கிடைத்தது. கரண்ட் இல்லாத ஊர் என்பதால் கூரையில் மூன்று சோலார் தட்டுகள், உள்ளே பற்றறி, நடுவில் மின்சாரத்தை அளந்து விடும் கொன்ட்ரோலர் பெட்டி. இவற்றைப் பொருத்திப் பூட்ட வந்த செல்வராசா ஒரு சுவிச்சைக் காட்டினான்.

"அண்ணை, குளிர்ந்தால் தட்டிலை வோல்டேஜ் கூடும். பெட்டி தாங்காது. மார்கழி, தையிலை விடிய இதைத் தட்டி ஒரு தட்டை விலக்கி விடுங்கோ. வெயில் ஏறினாப் பிறகு சேருங்கோ."

"குளிரைப் பத்தி எனக்கே பாடமா தம்பி? குளிர் வெயிலுக்கு ஏது பலம்?"

ஆள் சோம்பேறி இல்லை. சித்திரையில் பெட்டி வெந்துவிடுமென்று ஓலைத்தட்டி கட்டி நிழல் செய்தார். அவ்வளவு கவனமான மனுசனுக்கு அந்தச் சுவிச் மட்டும் கண்ணில் படவில்லை.

மார்கழியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை. கடுங்குளிர், பளிச்சென்ற வெயில். அன்று விடியவும் சுவிச்சைத் தட்டவில்லை, பெட்டி கருகிப் போயிற்று. பற்றறியில் இருப்பது போதும், திங்கள் வரை பிரிட்ஜ் ஓடும் என்று அவர் நம்பியிருந்தார். திங்கள் நான் திறந்தபோது மருந்தெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். கிளிநொச்சியில் புது மருந்து கேட்டேன். நாட்டு நிலைமையில் பாதை பூட்டிக் கிடந்தது.

மாசியில் ஊருக்குள் சின்னமுத்து, தட்டம்மை, வந்தது. மாயாண்டிக்குப் பக்கத்து வளவு வீரம்மாவின் மகள், அப்போதுதான் நடக்கப் பழகியவள், காய்ச்சல் நெஞ்சில் இறங்கிச் செத்துப்போனாள். அவளுக்கென்று வைத்திருந்த ஊசி நான் கொட்டியதில் ஒன்று.

சனம் மாரியம்மாளின் கோபம் என்றது. வீரம்மாவும் அப்படித்தான் நம்பி வேப்பிலையோடு குந்தியிருந்தாள். மாயாண்டி பேசாமல் இருந்திருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் போய் அவள் முன்னால் நின்றார்.

"அம்மா கோவமில்ல புள்ள. நான்தான். காலையில ஒரு சுவிச்சப் போடச் சொன்னாங்க. நான் போடல."

வீரம்மா அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். விளங்காமல்தான் கேட்டாள்.

"அதப் போடுறது ரொம்பக் கஷ்டமாண்ணே?"