பதினான்காம் மேசையின் ஊசி

இருபத்தாறு. இந்த எண்ணை மறக்காதீர்கள். ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் ஒருவர் இருபத்தாறு வருடம் தற்காலிகப் பணியாளராகவே இருந்தார். அது எப்படித் தற்காலிகம் ஆகும் என்று அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

மூளைகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கெடாமல் காப்பது அவர் வேலை. அந்த ஃபார்மலின் நெடி தோலில் ஏறி, பேரும் அதுவே ஆகிப்போனது. கூடம் பெருக்கும் அம்மா வாய்த்துடுக்குக்காரி. "ஃபார்மலின் அண்ணே, உங்களுக்குச் சாவே கெடையாது. எமன் வந்தாலும் மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போயிடுவான்" என்பாள்.

அவருக்கு ஒரே மகள், பதினாறு வயது. மாணவர்கள் குப்பையில் எறிந்த மூளைப் பாடக் குறிப்புகளை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். அந்த ஈரத் தாள்களைக் கொடியில் உலர்த்திப் படித்தவள் அவள். நரம்பியல் போட்டியில் பள்ளி, மாவட்டம் எல்லாம் தாண்டி நாட்டின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். முதலிடம் பெறும் பிள்ளை உலகப் போட்டிக்கு வெளிநாடு போகும். இரண்டாமிடத்துக்கு ஒரு சான்றிதழ், அவ்வளவுதான்.

கடைசிச் சுற்று அப்பாவின் கூடத்திலேயே நடந்தது. இருபது மேசை, மேசைக்கு ஒரு மூளை, அதில் எண் கட்டிய ஒரு குண்டூசி. ஊசி நிற்கும் இடத்தின் பேரை நாற்பது நொடியில் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசை.

அவர் நேர்மையாகத் துறைத்தலைவரிடம் போய், "ஐயா, என் பொண்ணும் எழுதுறா" என்றார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"நல்லவேளை சொன்னே. மூளையக் கழுவி வை, முடிஞ்சதும் எடுத்து வை. ஊசிப் பக்கம் கை போகக் கூடாது" என்றார் தலைவர்.

போட்டி நாள் காலை. மூளைகள் காயாமலிருக்கப் போர்த்திய ஈரத்துணிகளை இளம் விரிவுரையாளர் ஒருவர் உருவிக்கொண்டே போனார். பதினான்காம் மேசையில் துணியோடு ஊசியும் வந்துவிட்டது. கையில் செல்போன். பேசிக்கொண்டே ஊசியைத் திரும்பக் குத்திவிட்டு நகர்ந்தார். அது மூளை மடிப்பில் ஒரு பள்ளம் தள்ளி நின்றது. முன்மேட்டில், கை கால் அசைவுக்கான இடத்தில் இருந்த ஊசி, பின்மேட்டுக்கு, தொடுவுணர்வு இடத்துக்குப் போய்விட்டது.

ஃபார்மலின் பார்த்துவிட்டார். "சார், பதினாலு எடம் மாறி நிக்குது. பள்ளத்துக்கு இந்தாண்ட இருக்கணும்."

"ஓ! நீங்க பேராசிரியர் எப்ப ஆனீங்க?"

"இல்ல சார், நேத்து நான் பாத்தப்ப..."

"ஒங்க பொண்ணு எழுதுறால்ல? அப்புறம் ஏன் ஊசியப் பாக்குறீங்க? இன்னும் ஒரு வார்த்தை பேசினா அந்தப் பொண்ணையே வெளிய அனுப்ப வேண்டி வரும்."

அவர் சுவரோரம் போய் நின்றார். மணி அடித்தது.

மகள் கண்ணால் கண்டதை எழுதினாள்: பின்மேடு. அவளோடு முதலிடத்துக்கு மோதிய பையன் முன்மேடு என்று எழுதினான். மாதிரித் தாள்களில் எப்போதும் கேட்பது அதைத்தான். நடுவர்களின் விடைப்பட்டியலிலும் அதுவேதான் இருந்தது. மேசைக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டே மதிப்பெண்ணில் பையன் முன்னால் வந்தான்.

திருத்தித் தந்த தாளைப் பார்த்ததும் மகள் எழுந்து நின்றாள். "பதினாலுல ஊசி பின்மேட்டுலதான் இருந்துச்சு. வந்து பாருங்க."

தலைவர் நியாயவான் இல்லை என்று சொல்ல முடியாது. "இதுல என்ன, போய்ப் பாத்துடலாம்" என்று நடுவர்களோடு கூடத்துக்கு நடந்தார்.

மேசைகள் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. இருபது மூளையும் தொட்டிக்குள். இருபது ஊசியும் தட்டில், எண் வரிசையில். போட்டி முடிந்த கால் மணியில் ஃபார்மலின் வேலையை முடித்திருந்தார். மூளை காற்றில் கிடந்தால் காய்ந்துபோகும். சொன்ன வேலை, இருபத்தாறு வருடம் பழகிய கை.

"யாரு எடுத்தது?" என்றார் தலைவர்.

"நான்தான்யா. காஞ்சிடுமேன்னு... ஆனா ஊசி எடம் மாறினது நெசம். துணிய உருவுறப்ப சார்தான் திரும்பக் குத்தினாரு."

விரிவுரையாளர் தரையைப் பார்த்தபடி, "நான் தொடவே இல்லையே" என்றார்.

"பெத்த அப்பன் சாட்சிய எப்படிப்பா எடுத்துக்கிறது?" என்றார் தலைவர். நடுவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மகள் அழவில்லை. தட்டில் கிடந்த ஊசிகளையே பார்த்தாள். "அவ்வளவு அவசரமாப்பா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கைகளை இடுப்புத் துணியில் துடைத்தார், அவை ஏற்கெனவே காய்ந்திருந்தும். முடிவு மாறாது என்று தலைவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பதினான்காம் மேசையில் மகளுக்கு விழுந்தது: பூஜ்யம்.